லாம்டனின் தூக்குக்குண்டு

இந்த முறை ஏற்காட்டில் கூடுகிறோம். லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளை ரசிக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவைத் தெற்கிலிருந்து வடக்காக அளந்த பெரிய கோடு, இந்தச் சேர்வராயன் மலைக்குச் சற்று மேற்கேதான் போனது. அதைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். சிவில்காரர்களுக்குத் தெரிந்த பெயர்தான். கம்ப்யூட்டர் ஆசாமி நான் எழுதக் காரணம் உண்டு.

1799 மைசூர்ப் போரில், இருட்டில் படை எதிரி பக்கமாகவே நடந்துகொண்டிருப்பதை நட்சத்திரம் பார்த்துக் கண்டுபிடித்த மனுஷர் இவர். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். வெயிலில் சங்கிலி நீளுமே! தெர்மாமீட்டர் வைத்துக் குறித்து, அதற்கும் திருத்தம் போட்டார். 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டை அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். வித்தியாசம் நாலு அங்குலம்கூட இல்லை.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் தியோடலைட் சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்துவிட்டது. கூடாரத்துக்குள் ஆறு வாரம் உட்கார்ந்து மெல்லத் தட்டித் தட்டியே நிமிர்த்தினார். இப்படிப்பட்டவருக்கு பெங்களூர் அருகே தொட்டகுண்டாவில் மட்டும் கணக்கு உதைத்தது. நட்சத்திரம் சொன்ன அட்சரேகை ஒன்று, நிலத்தில் அளந்த தூரம் சொன்னது வேறு. அதைச் சராசரியில் கரைக்கவில்லை. நிலத்தடியில் கனமான தாது ஏதோ தூக்குக்குண்டைப் பக்கவாட்டில் இழுக்கிறது என்று சந்தேகப்பட்டு எழுதி வைத்தார்.

நான் கரைத்தேன். புரோகிராம் எதிர்பாராத இடத்தில் தடுக்கி விழுவதை எக்செப்ஷன் என்போம். மணிக்கு எத்தனை என்று எண்ணி வரைபடம் போடுவது என் வேலை. ஒரு ராத்திரி ஒரே வகை எக்செப்ஷன் பன்னிரண்டு தடவை வந்தது. லட்சத்தில் பன்னிரண்டுதானே என்று விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்ததும் பார்த்தால் சம்பளப் பட்டியலில் பன்னிரண்டு பேர் பெயரைக் காணோம். அதில் ஒருவர் அன்றைக்கு மகள் ஃபீஸ் கட்ட வேண்டியவர்.

லாம்டன் 1823 ஜனவரி 20-ல் இறந்தார். வேலையைத் தொடர்ந்த எவரெஸ்டுக்கு, வடக்கே கலியானாவில் அதே மாதிரி வித்தியாசம் வந்தது. சுமார் 5.24 விகலை, அவ்வளவுதான். இமயமலை தூக்குக்குண்டை இழுக்கிறது என்று பிராட் கணக்குப் போட்டால், இழுக்க வேண்டிய அளவு அதைவிட நிறைய வந்தது. ஏன் குறைந்தது? மலைக்கு அடியில் லேசான பாறை வேர்போல இறங்கியிருக்கிறது என்றார் ஏரி, 1855-ல். பூமிக்குள்ளே எட்டிப் பார்த்ததே அந்த ஐந்து விகலையை யாரும் அழிக்காததால்தான்.

லாம்டன் சமாதி மகாராஷ்டிராவில் ஹிங்கன்காட்டில் இருக்கிறது. நாக்பூர் பக்கம் வேலையாகப் போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.