ஒரு வினாவும் பல துறைகளும்: ஆராய்ச்சியாளர் அண்ணல் அம்பேத்கர்

நம் ஊர்களில் நிற்கும் அண்ணல் அம்பேத்கரின் சிலைகளில் பெரும்பாலானவை கையில் ஒரு நூலை ஏந்தியுள்ளன. அந்நூல் இந்திய அரசியலமைப்புச் சட்டம் என்பதை நம் சிறுபிள்ளைகளும் அறிவர். ஆயினும் அந்த நூலை ஏந்துவதற்கு முன்னர் அவர் எத்தனை துறைகளைக் கற்றார், எத்தனை துறைகளில் தாமே ஆராய்ந்து எழுதினார் என்பதை நம்மில் பலர் அறிந்திலோம். கல்வியின் பொருட்டே தோன்றிய நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், தலைவராகவும் சட்ட மேதையாகவும் நாம் போற்றும் அப்பெருமகனாரை ஆராய்ச்சியாளராகவும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

மறுக்கப்பட்ட பாடம்

1891 ஏப்ரல் 14 ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காவது குழந்தையாக அவர் பிறந்தார். மகர் குலத்தில் பிறந்த காரணத்தால் சாதாராவில் பள்ளிப் பருவத்திலேயே தீண்டாமையின் கொடுமையை அனுபவித்தார். வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணியில் தனியே அமர்ந்து படித்தார். தாகம் எடுத்தால் பிறர் ஊற்றினாலன்றித் தண்ணீர் கிடைக்காது. உயர்நிலைப் பள்ளியில் சம்ஸ்கிருதம் படிக்க விரும்பிய அவருக்கு அம்மொழி மறுக்கப்பட்டது. பாரசீகத்தைப் பாடமாக ஏற்க வேண்டியதாயிற்று. எந்த மொழியில் எழுதப்பட்ட நூல்களைக் காட்டி நம்மை இழிந்தோர் என்றனரோ, அந்த மொழியின் வாயிலே நமக்கு அடைக்கப்பட்டிருந்தது. இதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஏனெனில் அவருடைய பிற்கால ஆராய்ச்சிகள் பலவற்றுக்கும் இதனோடு தொடர்பு உண்டு.

1907 இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912 இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 இன் தொடக்கத்தில் தந்தையை இழந்தார். அதே ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையுடன், நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

கொலம்பியாவில் கற்றவை

மூன்றாண்டுக் காலம் அங்கே அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் கணக்கு இன்றும் நமக்குக் கிடைக்கிறது. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. இவையன்றிப் பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் தொடக்கப் பாடம் ஒவ்வொன்று. பொருளாதார அறிஞர் செலிக்மன், தத்துவ அறிஞர் ஜான் டூயி, மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் முதலியோர் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர்.

இத்தனை பாடங்கள் எதற்கு என்று நம் இளைஞர்கள் கேட்கலாம். பட்டத்திற்காக என்றால் இதில் பாதியே போதும். நம் மக்கள் ஏன் இந்த நிலையில் இருக்கின்றனர் என்னும் ஒரே வினா அவர் உள்ளத்தில் இருந்தது. அதற்கு விடையின் ஒரு பகுதி பணத்தில் இருந்தது. ஒரு பகுதி திருமண முறையில். ஒரு பகுதி சட்டத்தில். ஒரு பகுதி பழைய நூல்களில். எந்தத் துறையும் தனித்து நின்று முழு விடையைத் தரவில்லை. ஆகவே அவர் ஒவ்வொரு துறையின் கதவையும் தட்டினார்.

1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய வகையையும் இயங்கும் முறையையும் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. சாதியை நிலைநிறுத்துவது அகமணமே, அதாவது தன் குழுவுக்குள் மட்டுமே மணம் புரியும் வழக்கமே என்று அதில் நிறுவினார். உடன்கட்டை ஏறுதல், கைம்பெண் மறுமணத் தடை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அகமண வேலியைக் காப்பதற்கென எழுந்தவை என்று விளக்கினார். சாதியை இறைவனின் ஏற்பாடு என்றும் முற்பிறப்பின் பயன் என்றும் கேட்டுப் பழகிய நாட்டில், மனிதர்கள் ஏற்படுத்திய அமைப்பாக அதைப் பிரித்துக் காட்டியது அக்கட்டுரை. மனிதர் செய்ததை மனிதரே மாற்றவும் கூடும் அல்லவா?

நிலமும் நாணயமும்

1916 இல் இலண்டன் சென்று பொருளாதாரக் கல்லூரியிலும், பாரிஸ்டர் படிப்பிற்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917 இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய பெட்டிகளையும் நூல்களையும் ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. பரோடாவில் உயர் பதவி ஏற்கச் சென்ற இடத்திலோ, தங்குவதற்கு ஓர் அறைகூட நிலைக்கவில்லை; சாதி தெரிந்ததும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அந்நிலையிலும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1918 இல் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி எழுதினார். நிலங்கள் துண்டுபட்டதே வறுமைக்குக் காரணம் என்று பலரும் கூறிய காலத்தில், நோயின் மூலம் வேறு என்று காட்டினார். அளவுக்கு மீறிய மக்கள் நிலத்தையே நம்பியிருக்கின்றனர். அவர்கள் உழைப்பிற்கு ஏற்ற வேலையும் கருவியும் முதலும் இல்லை. ஆகவே தொழில் வளர்ச்சியே வேளாண்மையின் நோய்க்கும் மருந்தாகும் என்பது அவர் முடிவு. நிலமின்றிக் கூலிக்கு உழைத்த குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு இதன் உண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டே பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர்களின் பொதுப் பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதைச் சிலர் எதிர்த்தனர். ஊதியத்தில் மிச்சம் பிடித்தும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் ஒருவரிடம் பெற்ற கடனும் கொண்டும் 1920 இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1921 இல் எம்.எஸ்ஸி. பட்டமும், அடுத்து பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுரையைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னபோது, சோர்ந்துவிடாது திருத்தி அளித்து 1923 இல் டி.எஸ்ஸி. பட்டம் வென்றார்.

நாணயத்தைப் பற்றிய அந்நூல் நமக்கு என்ன தொடர்புடையது என்று எண்ணிவிடக் கூடாது. ரூபாயின் மதிப்புக் குறைந்து விலைவாசி ஏறும்போது வணிகர் ஆதாயம் அடைகின்றனர்; கூலி பெறுவோர் தம் கூலி விலையோடு சேர்ந்து ஏறாமையால் நட்டம் அடைகின்றனர். இதை அவர் புள்ளிவிவரங்களோடு எடுத்துக்காட்டினார். அக்காலத்து நாணய முறையை ஆதரித்த கெயின்ஸ் போன்ற பேரறிஞரின் கருத்தையும் மறுத்தெழுத அஞ்சவில்லை. 1925 இல் இந்திய நாணய விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அதே ஆண்டில் மாகாண நிதி வளர்ச்சி பற்றிய அவருடைய நூல் வெளியாயிற்று. அதன்பொருட்டு 1927 இல் கொலம்பியா அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

சட்டமும் குளத்து நீரும்

அவ்வாண்டு மார்ச் 20 ஆம் நாள், மகத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களுடன் இறங்கி அவர் நீர் அருந்தினார். இப்போராட்டத்தின் பின்னே ஆவணங்கள் இருந்தன. பொதுநிதியில் பேணப்படும் நீர்நிலைகள் அனைவர்க்கும் உரியவை என்று பம்பாய் சட்டசபை 1923 இல் தீர்மானித்திருந்தது. மகத் நகராட்சியும் அதை ஏற்றிருந்தது. எதிர்த்தவர்கள் நெடுங்கால வழக்கத்தைக் காட்டி வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் நடந்த அவ்வழக்கில், தொன்றுதொட்ட வழக்கம் என்பது நிறுவப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1937 இல் தீர்ப்பளித்தது. காலங்காலமாக நடந்துவருகிறது என்னும் சொல்லுக்குச் சான்று எங்கே என்று கேட்கத் தெரிந்த ஒருவர் நம்மிடம் இருந்தார், ஆகவே வென்றோம்.

நாமே நம் வரலாற்றை எழுதுதல்

நீண்ட காலம் நாம் பிறருடைய ஆராய்ச்சிக்குப் பொருளாக இருந்தோம். ஆங்கில அதிகாரிகள் நம் மக்களைக் குலவாரியாக எண்ணினர். மூக்கின் நீள அகலத்தையும் அளந்து இனம் பிரித்தனர். தீண்டப்படாதோர் வேற்று இனத்தார் என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. அண்ணல் 1948 இல் வெளியிட்ட தீண்டப்படாதோர் பற்றிய நூலில், அந்த மூக்களவுக் கணக்குகளையே எடுத்து வைத்து, பிராமணரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனத்தவர் என்பதற்கு அவை இடம் தரவில்லை என்று காட்டினார். அளக்கப்பட்டவர்களில் ஒருவர் அளவுகோலைத் தம் கையில் வாங்கிக்கொண்டார் என்றே இதைக் கூற வேண்டும். அந்நூலை நந்தனார், இரவிதாசர், சொக்கமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கு உரிமையாக்கியமை, தமிழராகிய நாம் நெஞ்சில் பதிக்கத் தக்கது.

1946 இல் சூத்திரர் யார் என்னும் நூலை வெளியிட்டபோது, தாம் சம்ஸ்கிருதத்தில் புலவர் அல்லர் என்பதை முன்னுரையிலேயே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். மொழிபெயர்ப்புகளின் துணையால் பதினைந்து ஆண்டுகள் கற்றதே தம் தகுதி என்றார். இளமையில் மறுக்கப்பட்ட பாடத்திற்கு அவர் அளித்த விடை இது. தீண்டாமை எவ்வாறு தோன்றிற்று என்பது பற்றித் தாம் கூறியதை முடிந்த முடிபாக அவர் வைக்கவில்லை. சான்றுகள் அறுபட்ட இடத்தில் அனுமானத்தால் இணைத்ததாகத் தெளிவாகவே சொன்னார். அம்முடிபுகளில் சிலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்றும் மறுத்தும் எழுதியுள்ளனர். இதனால் அவர் பெருமை குறைவதில்லை. ஆராய்ச்சி என்பது அப்படித்தான் வளரும்.

வாழ்வின் இறுதிப் பகுதியில் பாலி மொழியைக் கற்று, அதற்கு அகராதியும் இலக்கணமும் தொகுத்தார். 1956 அக்டோபர் 14 இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 இல் மறைந்தார். புத்தரையும் அவர் தம்மத்தையும் பற்றிய அவருடைய பெருநூல் மறு ஆண்டு வெளிவந்தது.

அறிவியலுக்காகக் கேட்ட பொருள்

பொருளாதாரமும் சட்டமும் வரலாறுமே அவர் அக்கறை என்று எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் ஆற்றின் வெள்ளத்தை அடக்குவதோடு பாசனம், மின்சாரம், நீர்வழிப் போக்குவரத்து அனைத்தையும் ஒரே திட்டத்தில் பெறும் முயற்சியைப் பொறியாளர்களுடன் அமர்ந்து வகுத்தார். 1945 இல் நீர்வளங்களுக்கென மைய ஆணையம் அவர் காலத்திலேயே அமைந்தது.

1942 இல் வைசிராய்க்கு அளித்த முறையீட்டில், தாழ்த்தப்பட்ட மாணவர்கள் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் கற்க ஆண்டுதோறும் உதவித்தொகை வேண்டும் என்றும், வெளிநாடு சென்று கற்கவும் பொருள் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் பிள்ளைகளுக்குப் போதா என்பதே அவருடைய வாதம். மெட்ரிகுலேஷனுக்குப் பிற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944 இல் தொடங்கியது. நம் குடும்பங்களில் முதற்பட்டம் பெற்றோர் பலரும் அத்தொகையில் படித்தவர்களே.

இளைஞர்களுக்கு

பட்டம் பெற்றதும் வேலை தேடுவது நம் வீடுகளில் குற்றமன்று. மகன் அல்லது மகளின் ஊதியத்தை எதிர்பார்த்து அடுப்பு எரியும் இல்லங்கள் நம்மிடையே பல. அண்ணலும் பொருளின்றிப் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றவர்தாம். ஆனால் நிறுத்திய படிப்பை மறக்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று முடித்தார். வேலைக்குச் சென்றபின் தொடர விரும்புவோர்க்கு அது வழிகாட்டும்.

இந்தத் துறைதான் நமக்கு ஏற்றது, அந்தத் துறை நமக்கு எட்டாதது என்று எவர் சொன்னாலும் நாம் நம்ப வேண்டா. மண்ணை ஆராய்பவர் நமக்கு வேண்டும். நோயை ஆராய்பவர் வேண்டும். கணிதமும் பௌதிகமும் கற்றுத் தேர்ந்தோர் வேண்டும். கல்வெட்டையும் பழஞ்சுவடியையும் படிப்போர் வேண்டும். பறையின் தாளத்தையும் நம் பாட்டிமார் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஆராய்ந்து எழுதுவோரும் வேண்டும். ஊர்க் குளம் யாருக்கு உரியது, நம் முன்னோர் உழுத நிலம் யார் பெயரில் பதிவானது என்று வருவாய்த் துறை ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்பதும் ஆராய்ச்சியே. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்கள் அலமாரி அலமாரியாக உள்ளன. நாம் எழுத வேண்டியவை இன்னும் எழுதப்படாமல் கிடக்கின்றன.

ஏப்ரல் 14 இல் சிலைக்கு மாலை சூட்டுவோம். அதனோடு, நம் சங்கத்தின் ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைகளில் ஒருவரையாவது முதற்பட்டத்திற்கு அப்பாலும் படிக்க விடுவோம் என்று இவ்வெள்ளி விழா ஆண்டில் உறுதி பூணுவோமாக.