யார் இந்த கே.சி.எஸ்.பணிக்கர்? துணி விற்ற காசில் ஓவியர்களுக்கு ஓர் ஊர் கட்டிய கோவைக்காரர்

காங்கேயத்தில் இருந்து காலையில் திருப்பூர் பஸ் பிடிக்கும் டிசைனர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு நீல நிறத்துக்கு எத்தனை லேப் டிப் அனுப்பினார் என்று கதை கதையாகச் சொல்வார். ஷேடு கொஞ்சம் மங்கல், திரும்பப் போடுங்க என்று பையரிடம் இருந்து மெயில் வரும். நிறம் என்ன என்பதை முடிவு செய்வது பையர். அதைக் கொண்டுவந்து தருவது மட்டும்தான் நம்ம வேலை.

வாங்குபவர் சொல்லும் நிறத்தைத்தான் தீட்ட வேண்டுமா? சென்னையில் ஓர் ஓவியர் இந்தக் கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் அவருக்கு வழிவிட்டது துணிதான். அவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1911ல் பிறந்தார். பிறந்த ஊர் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கோயம்புத்தூர்.

பள்ளிப் படிப்பு கேரளத்தின் பொன்னானியில். வாய்க்காலும் தென்னையும் பச்சையுமாக இருந்த அந்த ஊர்தான் அவருடைய ஆரம்பகால வாட்டர்கலர் படங்களில் திரும்பத் திரும்ப வந்தது. குடும்பச் சூழல் காரணமாக கல்லூரியைப் பாதியில் விட்டார். தந்தி இலாகாவில் வேலை, பிறகு இன்சூரன்ஸ் வேலை. சென்னை ஓவியப் பள்ளியில் சேரும்போது வயது 25. இன்றைய கணக்கில் சொன்னால், வேலையை விட்டுவிட்டு மறுபடி காலேஜ் போவது மாதிரி. அங்கே அவருக்கு ஆசிரியர், மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. படித்து முடித்து அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1944ல் சக ஓவியர்களைச் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்.

1954ல் ஐரோப்பா போனார். லண்டனில் கண்காட்சியும் நடந்தது. அங்கே நவீன ஓவியத்தை நேரில் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஒரு சங்கடம் தொற்றிக்கொண்டது. வான்கோவும் கோகேனும் அவருக்குப் பிடித்தவர்கள். ஆனால் அவர்களைப் போலவே தீட்டினால் அது நம்ம ஊர் ஓவியம் ஆகுமா? இதற்கு விடை கிடைக்க கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆயிற்று.

<b>படிக்க வராத எழுத்து</b>

1963ல் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். வீட்டு அலமாரியில் பழைய ஜாதக நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தச் சாயல்தான். கட்டங்கள், அல்ஜீப்ரா போன்ற கிறுக்கல்கள், கிரகக் குறிகள், ஓரத்தில் ஒரு பறவையோ மீனோ. நடுவில் வரிவரியாக மலையாளம் போலத் தெரியும் எழுத்து. படிக்கப் போனால் ஒரு சொல்கூடப் பிடிபடாது. அது வேண்டும் என்றே செய்தது.

ஏன் இப்படி? எனக்குப் புரிந்த வரையில் காரணம் இதுதான். எழுத்தைப் படிக்க முடிந்துவிட்டால் நம்ம கண் உடனே அர்த்தத்துக்கு ஓடிவிடும். நிறமும் கோடும் பின்னால் தங்கிவிடும். அதற்கு முந்தைய படங்களில் தாயும் சேயும் இருந்தார்கள், கிறிஸ்து இருந்தார், அதாவது நாம் சொல்லிவிடக்கூடிய கதை இருந்தது. இந்த வரிசையில் கதை நடக்கிற மாதிரியே இருக்கும், ஆனால் யாருடைய ஜாதகம், என்ன கணக்கு என்று தெரியாது. அதனால் பார்ப்பவர் நிறத்தோடு நின்றாக வேண்டும். பழுப்பேறிய தாள் மாதிரி மஞ்சள், செம்மண், பாசிப் பச்சை. பல படங்களில் கத்துகிற நிறமே கிடையாது.

இதே கட்டங்களைப் பார்த்துப் பிறகு நிறையப் பேர் வரைந்தார்கள், சில காலம் அது ஒரு ஃபேஷனாகவே ஆனது. அதற்கு பணிக்கர் என்ன செய்வார்!

<b>பாத்திக் வந்த கதை</b>

1957ல் அவர் ஓவியப் பள்ளியின் முதல்வர் ஆனார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான். நல்ல மாணவர்கள் படித்து வெளியே வருகிறார்கள். அப்புறம்? அன்றைய சென்னையில் ஓவியம் வாங்க ஆள் குறைவு. காட்டவும் இடம் இல்லை. வேலைக்குப் போனால் தூரிகை காய்ந்துவிடும் என்ற பயம். எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. அவரிடம் படித்த ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே பெரிய ஓவியரானார். ஆனால் அது எல்லோருக்கும் வாய்க்குமா?

பணிக்கர் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார். அவர்கள் செய்ததில் நன்றாக விற்றது பாத்திக் துணி. டையிங் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சாயம் ஏறக் கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைத் தடவ வேண்டும். சூடான சாயம் என்றால் மெழுகு கரைந்துவிடும், அதனால் குளிர்ந்த சாயத்தில்தான் முக்க வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். முடிவில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்தால், மெழுகு விரிசல் விட்ட இடமெல்லாம் மெல்லிய நரம்பு மாதிரி கோடு தெரியும்.

அந்தக் காசில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கினார்கள். 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. இன்று ஈசிஆரில் கார் நிறுத்த இடம் தேடும் பகுதி, அன்று மணலும் சவுக்கும்தான். அங்கே ஏற்பாடு எளிமையானது. வயிற்றுக்கு பாத்திக், மற்ற கைவினை. மீதி நேரம் அவரவர் ஓவியம். துணியில் வாங்குபவர் கேட்டதைச் செய்யலாம், கேன்வாஸில் யாரும் கேட்கத் தேவையில்லை.

கைவினை செய்தால் கலைஞன் தாழ்ந்துபோவான் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. பணிக்கர் அப்படி நினைத்திருந்தால் அந்த ஊரே வந்திருக்காது.

எல்லோரும் அங்கேயே தங்கிவிடவில்லை. விஸ்வநாதன் 1968லேயே பாரிஸ் போய்விட்டார், எஸ்.ஜி.வாசுதேவ் பின்னாளில் பெங்களூரு போனார். பத்து குடும்பம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே உரசல் வரும், அதுவும் ஓவியர்கள்! ஆனால் ஊர் கலையவில்லை.

பணிக்கர் 1967ல் ஓய்வு பெற்றார், 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். கிராமத்தைப் பிறகு பல வருஷம் கவனித்துக்கொண்டவர் அவருடைய மகனும் சிற்பியுமான நந்தகோபால். அவரும் 2017ல் மறைந்தார்.

<b>எங்கே பார்க்கலாம்?</b>

ஈஞ்சம்பாக்கம் கிராமத்துக்குள் 2009ல் திறந்த அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் ஓவியர்கள் பலரின் படைப்புகள் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் பணிக்கர் பெயரிலேயே ஒரு கேலரி உண்டு. போகும்போது மலையாளம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அந்த வரிகளை அவராலும் படிக்க முடியாது.