நாய்களிடம் பாடம் கேட்டவர்

ரஷ்ய நாட்டின் ரியாசான் நகரில் 1849ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இவான் பெத்ரோவிச் பாவ்லவ் பிறந்தார். தந்தையார் ஆர்த்தடாக்ஸ் சபைக் குரு. சிறுவயதில் உயரத்திலிருந்து விழுந்து உடல் நலிந்ததால் 11 வயதில்தான் பள்ளிக்குச் சென்றார். தந்தையைப் போலவே குருமடத்தில் படித்தவர், விஞ்ஞான நூல்களில் மனம் பறிகொடுத்து, 1870இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உணவு செரிக்கும் விதத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆனால் உலகம் அவரை நினைப்பது நாய்களின் எச்சிலுக்காக!

நாயின் கன்னத்தில் சிறு துளையிட்டு, சுரக்கும் உமிழ்நீரைக் குழாய் வழியே பிடித்து அளந்து வந்தார். உணவு வாயில் படுமுன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நீர் சுரந்தது. மற்றவர் இதைத் தொல்லை என்று ஒதுக்கியிருப்பர். பாவ்லவ் அதையே பிடித்துக்கொண்டார். மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியை ஒலிக்கச் செய்து, உடனே உணவு தந்தார். பலமுறை இவ்வாறு செய்தபின் ஒலி மட்டுமே போதுமானதாயிற்று. ஒலித்துவிட்டு உணவு தராமல் ஏமாற்றிக்கொண்டே இருந்தால் சுரப்பது குறைந்து நின்றுவிடும். எனினும் சற்று ஓய்வுக்குப்பின் மறுபடி ஒலித்தால் கொஞ்சம் சுரக்கும். நாய் முற்றிலும் மறப்பதில்லை.

எங்கள் பள்ளிக் காவலாளித் தாத்தாவின் நாய் பகல் மணி அடித்ததும் எங்கள் வகுப்பு வாசலில் வந்து நிற்கும். எங்கள்மேல் கொண்ட அன்பு என்றே பெருமைப்பட்டோம். பாவ்லவைப் படித்தபின் சந்தேகம் வந்துவிட்டது. அன்பு எங்கள்மேலா, டிபன் பாக்ஸ்மேலா?

நாம் "உட்கார்" என்றதும் நாய் உட்காருவது இதினின்றும் சற்று வேறு. அங்கே நாய் தானே ஒரு செயலைச் செய்து பலனைப் பெறுகிறது. ஆயினும் அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு இரண்டிலும் உண்டு.

1924ஆம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராடு நகரை வெள்ளம் சூழ்ந்தது. கூண்டுகளில் நீர் ஏறியது. கதவுகள் தாழ்வாக இருந்ததால் நாய்களின் தலையை நீருக்குள் அமிழ்த்தித்தான் வெளியே இழுக்க முடிந்தது. உயிர் பிழைத்த நாய்களில் சில, கற்றதையெல்லாம் இழந்திருந்தன. ஒரு நாய் மெல்லத் தேறியபின், கதவின் கீழே சிறிது நீரை ஓடவிட்டார்கள். அது மீண்டும் நடுங்கிப் போயிற்று. பயம் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதை அறியவே இவ்வாறு செய்தனர். இதை வாசித்த அன்று எங்களில் சிலர் பகலுணவு உண்ணவில்லை. அறிவுக்காக இவ்வளவு வேண்டுமா என்று ஒரு பக்கம். அந்த ஆராய்ச்சியால்தானே மனிதரின் அச்சமும் விளங்கிற்று என்று மறுபக்கம். வாதம் மணி அடிக்கும்வரை முடியவில்லை.

1935இல், பாவ்லவ் உயிரோடிருந்தபோதே, அவருடைய ஆராய்ச்சி நிலையத் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச் சிலை எழுப்பப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், 86ஆம் வயதில், நிமோனியாக் காய்ச்சலால் பாவ்லவ் காலமானார். சிலை இன்றும் நிற்கிறது. அது போதுமா என்பதில்தான் எங்கள் வகுப்பு இன்னும் இரண்டுபட்டிருக்கிறது.