ஆறு நிமிடத் தோடி: திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை நினைவாக

டிசம்பர் 12, நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை மறைந்த நாள். 1956இல் சென்னையில் அவர் காலமானபோது வயது 58. அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் நாம், ஊர் விட்டு ஊர் அலைந்து இப்போது டுபாய் சோனாப்பூரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறோம். இங்குள்ள தொழிலாளர் குடியிருப்பு அறையொன்றில் இருந்தே அவரை நினைக்கிறோம்.

அந்த அறையில் பழைய கரார்ட் ரெக்கோர்ட் பிளேயர் ஒன்றும் வால்வு அம்பிளிபயர் ஒன்றும் உண்டு. விடுமுறைக்கு முந்திய இரவு, இரண்டடுக்குக் கட்டில்களில் ஏழெட்டுப் பேர் நெருங்கி அமர்ந்து கேட்போம். 78 வேகத் தட்டுக்குத் தடித்த ஊசி வேண்டும். எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் தரும். அரக்குத் தட்டு வெக்கையில் வளைந்துவிடும். ஏசி நின்றுபோனால் எங்களை விடத் தட்டைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவோம். வால்வு சூடேறும் வரை அரை நிமிடம் யாரும் பேசுவதில்லை. பிறகு தோடி.

இராஜரத்தினம் பிள்ளை 1898 ஆகஸ்ட் 27ஆம் திகதி தஞ்சை மண்ணின் திருமருகலில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். சிறு வயதிலேயே தாய்மாமன் நடேச பிள்ளையின் வளர்ப்புப் பிள்ளையாகித் திருவாவடுதுறைக்குப் போனார். திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றார். அதனால்தானோ என்னவோ, அவர் குழலில் ஊதியதெல்லாம் பாடுவது போலவே கேட்கும்.

அந்நாளில் நாதஸ்வரம் என்றால் திமிரி. குட்டையானது, உச்ச சுருதி. சுத்த மத்திமம் அதில் சரியாகப் பேசாது. நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரி அவருக்காக நீண்ட பாரி நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது. கோயில் வீதிக்கென்று இருந்த வாத்தியம் சபா மண்டபத்திலும் இதமாக ஒலித்தது.

ஒரு மணி, இரண்டு மணி என்று விரியும் அவருடைய தோடி, இசைத்தட்டுக்குள் வந்தபோது பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆறு நிமிடம் சொச்சம். கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிய வியப்பு. அவசரம் என்பதே அதில் இல்லை. முதல் பக்கம் முடிந்து தட்டைத் திருப்பும் அந்த இடைவெளியிலும் தோடி அறைக்குள் நிற்கும்.

1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டில்லிக்குப் போய் வாசித்தார். காருகுறிச்சி அருணாசலம் அவருடைய மாணவர். யாழ்ப்பாணத்துக்கும் கடல் தாண்டி வந்து வாசித்தவர் என்பதால் எமது பெரியவர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரர் போலவே பேசுவார்கள். வரவு பெரிது, செலவு அதைவிடப் பெரிது. கையில் மிச்சம் வைக்கத் தெரியாத மனிதர். பிடிவாதமும் கோபமும் அவருடன் கூடவே இருந்தன.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மேளக்காரர் சட்டை போடக்கூடாது, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும், நின்றும் நடந்தும்தான் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலம் அது. அவர் முடியைக் கத்தரித்துக் கிராப்பு வைத்தார், ஷெர்வானி அணிந்தார், பாட்டு வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்து வாசித்தார். திமிர் என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் அறைக்கு வருபவர்களில் ஒருவர் தவில்காரரின் மகன். இங்கே சாரம் கட்டும் வேலை. பல மாதங்களாகக் கதவோரம் நின்றபடியே கேட்டுவிட்டுப் போவார். வேலைக் களைப்பு, படுக்கப் போகும் அவசரம் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். ஒரு நாள் தோடி முடிந்ததும் தகப்பனார் பெயரைச் சொன்னார். நமக்குத் தெரிந்த பெயர். நமது வீட்டுக் கல்யாணத்துக்கு வாசித்தவர். அன்று அவர் சாப்பிட்டது பின்வளவில், தனி இலையில். நாம் அப்போது சிறுவர், ஆனாலும் பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை.

அதை அவரிடம் சொல்ல நமக்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மன்னித்தாரா என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் உரிமையும் நமக்கில்லை.

இப்போது அவர் கட்டிலில் அமர்ந்துதான் கேட்கிறார். தட்டைத் திருப்புவதும் அவரே. சாரக் கம்பி பிடித்துக் காய்த்த விரல்கள், ஊசியை இறக்கும்போது சிறு சத்தமும் வராது. இந்த டிசம்பர் 12 வேலை நாள். ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே ஒரு தட்டு மட்டும் போடுவதாக இருக்கிறோம்.