இம்ரே நாகி: ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாத பிரதமர்

1956 அக்டோபர் 23, இரவு 9 மணி. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். நாடாளுமன்றத்துக்கு முன்னால் சுமார் 2 லட்சம் பேர் காத்துக்கிடக்கிறார்கள். கூட்டம் கலையட்டும் என்று சதுக்கத்தின் விளக்குகளை அணைத்துப் பார்த்தது அரசு. கையிலிருந்த செய்தித்தாள்களைச் சுருட்டிக் கொளுத்தி, தீப்பந்தமாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள் மக்கள். அவர்கள் பார்க்க விரும்பியது ஒரே ஒருவரை. அவருக்கு அப்போது எந்தப் பதவியும் இல்லை. வயது 60. பெரிய மீசை, மூக்கில் கண்ணாடி, கிராமத்துப் பள்ளி வாத்தியார் மாதிரி தோற்றம். பெயர், இம்ரே நாகி.

கட்சித் தலைமை வற்புறுத்திய பிறகுதான் அவர் வந்தார். வந்தவர், தோழர்களே என்று பேச்சை ஆரம்பித்தார். நாங்கள் ஒன்றும் தோழர்கள் இல்லை என்று கூட்டம் திருப்பிக் கத்தியது. நாகி தடுமாறிப்போனார். 40 வருடமாக அவர் வாயில் பழகிய சொல் அது. பிரச்சினைகளைக் கட்சிக்குள் பேசித் தீர்க்கலாம், அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்ற ரீதியில் ஏதோ சொன்னார். கடைசியில் தேசிய கீதத்தைப் பாடி முடித்துக்கொண்டார். வந்திருந்த இளைஞர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

இந்த மனிதர்தான் அடுத்த 12 நாட்களில் உலகத்தின் பெரிய ராணுவங்களில் ஒன்றை எதிர்த்து நின்றார். ஒன்றரை ஆண்டு கழித்துத் தூக்குமேடை ஏறினார். நடுவில் என்ன ஆச்சு?

யார் இந்த நாகி?

1896-ல் கபோஷ்வார் என்ற ஊரில், ஏழை விவசாயக் குடும்பத்தின் வழியில் வந்தவர். படிப்பு பாதியில் நின்று, பூட்டு வேலை கற்றுக்கொள்ளப் போனார். முதல் உலகப் போரில் சிப்பாய். 1916-ல் ரஷ்யர்களிடம் பிடிபட்டு, சைபீரியா பக்கம் போர்க் கைதி முகாமில் அடைபட்டார். ரஷ்யாவில் புரட்சி வெடித்தபோது அங்கேயே கம்யூனிஸ்ட் ஆனார். ஊர் திரும்பி ரகசியமாகக் கட்சி வேலை பார்த்து, 1930-ல் மறுபடி மாஸ்கோ. அங்கே 14 ஆண்டுகள்.

அந்த மாஸ்கோ வருடங்களில் ஒரு கறை உண்டு. ஸ்டாலின் காலத்து ரகசிய போலீஸுக்கு நாகி தகவல் கொடுப்பவராக இருந்தார் என்பதற்கான ஆவணங்கள் 1989-ல் மாஸ்கோவிலிருந்து வெளியே வந்தன. அவர் பெயரைக் கெடுக்கவே அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். எந்த அளவுக்குக் காட்டிக்கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் அவரைப் புனிதராக நினைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படித்தால் பாதி புரியாது. அவர் ஒரு கட்சிக்காரர். முழுக்க முழுக்க.

இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் ஹங்கேரிக்குள் சோவியத் படை வந்தது. நாகியும் திரும்பினார். விவசாய அமைச்சராகி, 1945-ல் ஜமீன் நிலங்களைப் பிரித்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்தார். நிலம் கொடுத்த அமைச்சர் என்ற பெயர் கிராமங்களில் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு நாட்டை ஆண்டவர் மாத்யாஷ் ராகோஷி. ஹங்கேரியின் குட்டி ஸ்டாலின் என்றே வைத்துக்கொள்ளலாம். ஏ.வி.எச். என்ற ரகசிய போலீஸ், முகாம்கள், விவசாயிகளிடம் கொடுத்த நிலத்தைப் பிடுங்கிக் கூட்டுப்பண்ணை. 1953-ல் ஸ்டாலின் இறந்ததும், நிலைமை கைமீறிப் போகிறது என்று மாஸ்கோவே பயந்து, ராகோஷியைத் திட்டி, நாகியைப் பிரதமராக்கியது. அவர் முகாம்களை மூடினார். விருப்பமில்லாத விவசாயிகள் கூட்டுப்பண்ணையிலிருந்து விலகலாம் என்றார். இரண்டே வருடத்தில், 1955-ல், ராகோஷி கோஷ்டி அவரைப் பதவியிலிருந்து இறக்கியது, கட்சியிலிருந்தும் நீக்கியது. தவறை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாம். அவர் எழுதவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ராணுவம் யார் பக்கம்?

அக்டோபர் 23 இரவுக்கே வருவோம். நாகியின் பேச்சு சப்பென்று முடிந்த அதே நேரத்தில், நகரத்தின் இன்னொரு பகுதியில் மாணவர்கள் ரேடியோ நிலையத்தை முற்றுகையிட்டிருந்தார்கள். தேர்தல் வேண்டும், சோவியத் படை வெளியேற வேண்டும் என்று அவர்கள் எழுதிய 16 கோரிக்கைகளை ஒலிபரப்ப வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். ரேடியோவில் வந்ததோ கட்சித் தலைவர் எர்னோ கெரோவின் வசவு. கூட்டம் கொதித்தது, ஏ.வி.எச். சுட்டது.

கூட்டத்தை அடக்க ஹங்கேரி ராணுவத்தை அனுப்பினார்கள். இங்கேதான் அரசாங்கத்தின் கணக்கு தப்பியது. வந்த சிப்பாய்களில் பலர் சுட மறுத்தார்கள். சிலர் துப்பாக்கியையே போராட்டக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். அதே இரவில் ஸ்டாலினின் பெரிய வெண்கலச் சிலையை அறுத்துத் தள்ளினார்கள். மேடையில் மிச்சம் இருந்தது அவருடைய பூட்ஸ் மட்டும்.

மறுநாள் விடிவதற்குள் சோவியத் டாங்கிகள் நகருக்குள் வந்துவிட்டன. அதே இரவில் நாகியைப் பிரதமர் என்று அறிவித்தது கட்சி. அவசரச் சட்டம், மரண தண்டனை எச்சரிக்கை எல்லாம் அவர் பெயரில் ரேடியோவில் வந்தன. டாங்கிகளைக் கூப்பிட்டதே நாகிதான் என்று மக்கள் நம்பினார்கள். உண்மையில் கூப்பிட்டது கெரோ. அதைச் சட்டப்படி சரிக்கட்ட, சோவியத் உதவி கேட்டதாக ஒரு கடிதத்தைப் பிறகு தயார் செய்து நாகியிடம் நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. முந்தைய பிரதமர் ஹெகெதூஷ்தான் பழைய தேதியிட்டுப் போட்டுக்கொடுத்தார். வெளியே நின்ற மக்களுக்கு இது எதுவும் தெரியாது.

தெருக்களில் நடந்தது நேரான போர் இல்லை. கோர்வின் சினிமா தியேட்டரைச் சுற்றிய சந்துகள்தான் முக்கியக் களம். பதின்ம வயதுப் பையன்களும் பட்டறைத் தொழிலாளிகளும் பெட்ரோல் குண்டுகளோடு அங்கே காத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு பெட்ரோல் பங்க். குறுகலான தெருவில் டாங்கி திரும்ப முடியாது. எதிரே கிலியான் ராணுவ முகாம். கலகக்காரர்களை அடக்க அங்கே டாங்கிகளோடு அனுப்பப்பட்ட அதிகாரி பால் மலேதர். போய்ப் பார்த்தவர், இவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தானே என்று அவர்கள் பக்கமே சேர்ந்துவிட்டார்.

அக்டோபர் 25-ல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் கூடிய, ஆயுதமில்லாத மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. கொஞ்சம் முன்னால்தான் அவர்கள் சோவியத் டாங்கி வீரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சதுக்கம் முழுக்கப் பிணங்கள்.

மாறியது எப்போது?

முதல் சில நாட்கள் நாகி கட்சித் தலைமையகத்துக்குள்ளேயே இருந்தார். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத ஆள் மாதிரி. சிலர் இதை அவருடைய எச்சரிக்கை என்பார்கள். எனக்கென்னவோ தயக்கம் என்றே தோன்றுகிறது. ஒரு மனிதர் தன் வாழ்நாள் முழுக்க நம்பிய கட்சி தெருவில் மக்களைச் சுடுவதைப் பார்க்கும்போது, அதை ஒரே ராத்திரியில் உதறிவிட முடியுமா?

28-ம் தேதி உதறினார். இது எதிர்ப்புரட்சி இல்லை, தேசிய, ஜனநாயக இயக்கம் என்று ரேடியோவில் சொன்னார். சண்டை நிறுத்தம், ஏ.வி.எச். கலைப்பு. 30-ம் தேதி ஒரு கட்சி ஆட்சிக்கே முடிவு. சோவியத் படை புடாபெஸ்ட்டை விட்டுக் கிளம்பவும் ஆரம்பித்தது. ஜெயித்துவிட்டோம் என்று மக்கள் நினைத்தார்கள். அதே நாள் புரட்சிக் கூட்டமும் ஒரு கோரத்தைச் செய்தது: கட்சி அலுவலகம் ஒன்றைப் பிடித்து, சரணடைந்தவர்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்டது. அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின.

31-ம் தேதி மாஸ்கோ மனதை மாற்றிக்கொண்டது. புதிய டாங்கிகள் எல்லை தாண்டி வந்தன. நாகி சோவியத் தூதரைத் திரும்பத் திரும்பக் கேட்டார், மழுப்பலான பதில்தான் வந்தது. அந்தத் தூதர் யூரி அந்த்ரோபோவ், பின்னாளில் சோவியத் யூனியனின் தலைவரே ஆனவர். நவம்பர் 1-ல் நாகி வார்சா ஒப்பந்தத்திலிருந்து ஹங்கேரி விலகுகிறது, இனி நடுநிலை நாடு என்று அறிவித்தார். அன்று இரவு அவருடைய அமைச்சரவைச் சகா யானோஷ் காதார் காணாமல் போனார். திரும்பி வந்தது சோவியத் படை நிறுத்திய புதிய அரசின் தலைவராக.

நவம்பர் 3 இரவு, பேச்சுவார்த்தைக்குப் போன மலேதரை அங்கேயே கைது செய்தார்கள். மறுநாள் அதிகாலை 5.20-க்கு நாகியின் குரல் ரேடியோவில் வந்தது. சோவியத் படை தாக்குகிறது, நம் படைகள் போரிடுகின்றன, அரசு தன் இடத்தில் இருக்கிறது என்று சில வரிகள்தான். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஐ.நா. கண்டனத் தீர்மானம் போட்டது. அன்றைய ஓட்டெடுப்பில் நேருவின் இந்தியா கலந்துகொள்ளாமல் ஒதுங்கியது. உள்நாட்டிலேயே அதற்குக் கடும் விமர்சனம் வந்தது. சண்டை அடங்கும்போது சுமார் 2,500 ஹங்கேரியர்களும் 700 சோவியத் வீரர்களும் இறந்திருந்தார்கள். சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள்.

ஒரு கையெழுத்தின் விலை

ரேடியோ பேச்சுக்குப் பிறகு நாகி யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். மாவீரர் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் கட்டிடம் அது.

காதாருக்கு ஒரு சிக்கல். சட்டப்படி நாகி இன்னும் பிரதமர். அவர் ராஜினாமா செய்தால்தான் புதிய அரசுக்கு மரியாதை. ராஜினாமா செய், உன் தவறை ஒப்புக்கொள் என்று தூது மேல் தூது. நாகி மறுத்தார். தெருவில் தயங்கிய அதே மனிதர், இதில் மட்டும் கொஞ்சமும் அசையவில்லை.

கடைசியில், யாரையும் தண்டிக்க மாட்டோம் என்று காதார் எழுத்தில் உறுதி கொடுத்தார். அதை நம்பி நவம்பர் 22-ல் நாகியும் மற்றவர்களும், குழந்தைகள் உட்பட, வீட்டுக்குப் போக பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் நேராகப் போனது சோவியத் படையின் பிடிக்குள். அங்கிருந்து ருமேனியாவின் ஸ்னாகோவ். 1957 ஏப்ரலில் கைது, மறுபடி புடாபெஸ்ட். 1958 ஜூனில் ரகசிய விசாரணை. தண்டனை அறிவித்ததும் கருணை மனு போடும் வாய்ப்பு வந்தது. அதையும் அவர் போடவில்லை. ஹங்கேரி மக்களும் உலகத் தொழிலாளர் வர்க்கமும் ஒருநாள் தன்னை விடுவிப்பார்கள் என்ற பொருளில் பேசினார். அதாவது, கம்யூனிஸ்ட்டுகளால் தூக்கு விதிக்கப்பட்ட நிலையிலும் அவர் கம்யூனிஸ்ட்தான். ஜூன் 16 விடியற்காலையில் அவரையும் மலேதரையும் பத்திரிகையாளர் மிக்லோஷ் கிமெஷையும் தூக்கிலிட்டார்கள்.

உடலைச் சிறை வளாகத்திலேயே புதைத்தார்கள். 1961-ல் தோண்டியெடுத்து, நகரத்துக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தின் 301-ம் பகுதியில், தார்த்தாளில் சுற்றிக் கம்பியால் கட்டி, குப்புறக் கிடத்திப் புதைத்தார்கள். பதிவேட்டில் எழுதியது ஒரு பொய்ப் பெயர், அதுவும் பெண்ணின் பெயர். பூ வைக்க வந்த குடும்பத்தினரை போலீஸ் விரட்டியது. 30 வருடம் அந்தப் பெயரையே உச்சரிக்க முடியாது.

1989 ஜூன் 16. அதே மாவீரர் சதுக்கத்தில் ஆறு சவப்பெட்டிகள். ஐந்தில் நாகியும் தோழர்களும், ஆறாவது பெயர் தெரியாமல் இறந்த போராட்டக்காரர்களுக்காகக் காலியாக. சுமார் 2 லட்சம் பேர் வந்திருந்தார்கள். மேடையில் விக்டர் ஓர்பான் என்ற 26 வயது இளைஞர் ஏறி, சோவியத் படை வெளியேற வேண்டும் என்று பேசி ஒரே நாளில் பிரபலமானார். ஜூலை 6-ல் உச்ச நீதிமன்றம் நாகி மீதான தீர்ப்பை ரத்து செய்தது. அந்த அமர்வு நடந்துகொண்டிருந்தபோது ஒரு துண்டுச் சீட்டு உள்ளே வந்தது: காதார் இறந்துவிட்டார்.

1996-ல் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெண்கலப் பாலம் அமைத்து, அதன் மேல் நாடாளுமன்றத்தைப் பார்த்தபடி நாகிக்குச் சிலை வைத்தார்கள். சுற்றுலா போகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம். 2018 டிசம்பரில் அதைப் பெயர்த்தெடுத்து, ஆற்றங்கரையோரம் வேறொரு சதுக்கத்துக்கு மாற்றியது அரசு. அப்போது பிரதமர், விக்டர் ஓர்பான்.