வைத்தியர் சாமுவேல் கிறீன்

அமெரிக்காவில் 1822ஆம் ஆண்டு பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் நம் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியம் போதிக்கத் தொடங்கினார். சத்திரத்தைக் கையிலெடுக்குமுன் உடலமைப்பை ஐயந்திரிபற அறிதல் வேண்டும். முள்ளந்தண்டை அடுத்துக் கத்தி வைப்பவன் நரம்பின் வழியறியானாயின் நோயாளி முடவனாவான். அத்தகைய அறிவு அந்நிய மொழியில் அரைகுறையாய் நிற்றல் தகாது. 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பித்தார். நூலில்லாக் குறையை இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களாற் போக்கினார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60க்கு மேற்பட்டோர். 1873இல் தாயகம் மீண்டு, 1884இல் மறைந்தார்.

சமயம் பரப்பவும் வந்தவராயினும், மாணாக்கர் தம் உடையையும் வழக்கத்தையும் துறத்தலை அவர் விரும்பினாரல்லர். சைவ மக்களாகிய நாமும் அவரை நன்றியோடு நினைத்தல் கடன். தமிழில் வைத்தியம் கற்பித்தல் கூடுமோவென ஐயுறுவோர்க்கு நாம் காட்டத்தக்க விடை மானிப்பாயே.