கத்தரிக்கோலால் படம் எடுத்தவர்

ஒருவர் எடுத்த சினிமாப் படத்தை, இன்னொருவர் வெட்டி ஒட்டி வேறு படமாக மாற்ற முடியுமா?

முடியும். "ஸ்டார் வார்ஸ்" என்ற விஞ்ஞானக் கற்பனைப் படவரிசையில் 1999-ம் ஆண்டு ஒரு படம் வந்தது. அது ஒரு ரசிகருக்குத் திருப்தி தரவில்லை. பிடிக்காத காட்சிகளை வெட்டினார். படத்தைச் சுமார் 20 நிமிடம் குறைத்தார். 2001-ல் அது வீடியோ கேசட்டாகக் கைமாறிப் பரவியது. இப்போது இப்படிச் செய்யும் ரசிகர்கள் பலர். கம்ப்யூட்டர் இருப்பதால் வேலை எளிது.

கம்ப்யூட்டர் இல்லாத 1936-ம் ஆண்டிலேயே, கத்தரிக்கோலால் இதைச் செய்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜோசப் கார்னெல்.

குடும்பச் சுமை

கார்னெல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள நையாக் என்ற ஊரில் 24-12-1903 அன்று பிறந்தார். இவரே மூத்த பிள்ளை. 1910-ல் பிறந்த தம்பி ராபர்ட்டுக்கு மூளை முடக்குவாதம். எழுந்து நடமாட முடியாது.

1917-ல் தகப்பனார் இறந்துவிட்டார். அப்போது ஜோசப்புக்கு வயது 13. பிறகு, 1921-ல் ஒரு துணிக் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தார். 10 ஆண்டுகள் கடை கடையாக ஏறி இறங்கினார்.

1929-ல் குடும்பம் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோயிற்று. கடைசி வரை அதே வீடுதான். கார்னெல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயாரையும் தம்பியையும் கவனித்துக்கொண்டார். அவர்கள் தூங்கிய பிறகு, சமையல் அறை மேஜையில் உட்கார்ந்து கலை வேலை செய்வார். ஓவியப் பள்ளிக்கூடத்தில் அவர் படித்ததே இல்லை.

கதை போயிற்று

பழைய படச்சுருள்களைச் சேர்ப்பதில் அவருக்கு ஆசை அதிகம். தம்பிக்கு வீட்டிலேயே படம் போட்டுக் காட்டுவார்.

அவர் வாங்கிய சுருள்களில் ஒன்று, 1931-ல் வெளிவந்த "ஈஸ்ட் ஆப் போர்னியோ". கணவனைத் தேடிக் காட்டுக்குள் போகும் ஒரு பெண்ணின் கதை. எரிமலையும் உண்டு. கதாநாயகி ரோஸ் ஹோபார்ட்.

அந்த நடிகையின் முகம் கார்னெலைக் கவர்ந்தது. கத்தரிக்கோலை எடுத்தார். அவர் தோன்றும் காட்சிகளையே பெரும்பாலும் வைத்துக்கொண்டார். கதையைத் தூக்கி எறிந்தார். நடுவில் சூரிய கிரகணக் காட்சியையும் ஒட்டினார். 77 நிமிடப் படம் சுமார் 19 நிமிடம் ஆயிற்று. பேச்சையும் எடுத்துவிட்டார். நீலக் கண்ணாடி வழியாக, மெதுவாக ஓடவிட்டார். கூடவே பிரேசில் நாட்டு இசைத்தட்டு ஒலித்தது. படத்தின் பெயர்: "ரோஸ் ஹோபார்ட்".

டாலியின் கோபம்

1936 டிசம்பரில், நியூயார்க்கில் ஜூலியன் லெவியின் ஓவியக்கூடத்தில் படம் காட்டப்பட்டது. ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் சால்வடார் டாலியும் வந்திருந்தார். படம் ஓடும்போதே அவருக்குக் கோபம் பொங்கியது. படம் காட்டும் எந்திரத்தைத் தள்ளிவிட்டார். அது தன் மனதில் இருந்த எண்ணம் என்றும், கார்னெல் அதைத் திருடிவிட்டார் என்றும் சொன்னார்.

கார்னெல் கூச்ச சுபாவம் உள்ளவர். பழிச்சொல் அவரை மிகவும் வாட்டியது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் படத்தை வெளியே காட்டத் தயங்கினார்.

ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. துண்டுப் படங்களை ஒட்டி வேறு படங்களும் செய்தார். மரப்பெட்டிகளில் பறவைப் படம், வரைபடம், கண்ணாடிக் குவளை ஆகியவற்றை அடுக்கி, அழகிய கலைப்பொருள்கள் ஆக்கினார். அவை அவருக்குப் பெரும் புகழ் தேடித்தந்தன.

குழந்தைகளுக்காக

1965-ல் தம்பி ராபர்ட் இறந்தார். மறு ஆண்டு, தம்பி வரைந்த படங்களை வைத்து நினைவுக் கண்காட்சி நடத்தினார் கார்னெல். அதே ஆண்டில் தாயாரும் காலமானார். கார்னெல் தனி ஆளானார்.

1972-ல் அவருடைய பெட்டிகள் குழந்தைகளுக்கென்றே ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டன. சிறுவர்களின் கண் உயரத்துக்கு அவற்றை இறக்கி மாட்டினார்கள். வந்த குழந்தைகளுக்குக் கேக்கும் குளிர்பானமும் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கார்னெல் மரணம் அடைந்தார். அவருக்கு வயது 69.

2001-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், அழியாமல் பாதுகாக்கவேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் "ரோஸ் ஹோபார்ட்" படத்தையும் சேர்த்தது.